கண்டேரோவில் குடியிருப்பு இல்லை

கோத் சோதோ
9 ஜூன் 1995

அண்ணன் மெஹ்ராபுக்கு,

ஹுர்மத் எழுதுகிறேன். சலாம். நான்கு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்பதை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை சைக்கிளில் ஒருவர் வந்தார். கேரியரில் பனிக்கட்டிப் பெட்டி. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போடுகிறவர். வேறு ஊருக்குப் போகவேண்டியவர் வழி தவறி, புதுக்கரையிலிருந்து இறங்கி, வன்னி மரத்தடியில் வந்து நின்றார்.

"இது எந்த ஊரும்மா?"

"கோத் சோதோ."

பையிலிருந்து பட்டியலை எடுத்து மேலும் கீழும் விரலை ஓட்டினார். "அப்படி ஒரு ஊரே இல்லையேம்மா."

"அப்ப நீங்க நிக்கிறது எங்க?"

"நான் நிக்கிறேன், சரி. பட்டியல்ல இல்லையே!"

நல்ல மனிதர். பெட்டியில் மிச்சமிருந்த மருந்தைப் பதினாறு பிள்ளைகளுக்குப் போட்டார். மீதிப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றதுதான் மிச்சம். "யூனியன் கவுன்சில்ல போய்க் கேளுங்க, ஜனத்தொகை அங்கேருந்துதான் எங்களுக்கு வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை நானும் உன் மச்சான் புன்ஹலும் போனோம். எழுத்தர் பெரிய பதிவேட்டைத் திறந்து காட்டினார். நம் ஊர் இருக்கிற பக்கத்தை நான் படித்தேன். 'கண்டேரோ தேஹ், வருவாய்க் கிராமம். பழைய கரைக்கும் புதுக்கரைக்கும் நடுவிலுள்ள நிலம். நேரில் பார்வையிடப்பட்டது. குடியிருப்பு இல்லை.' கீழே, நிலக்கணக்கு எழுதும் தபேதார் என்ற இடத்தில், உன் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு ஒரு வால் போடுவாயே, அதுவும் இருந்தது.

புன்ஹலுக்குப் படிக்கத் தெரியாதே. "என்ன போட்டிருக்கு?" என்றார்.

"நாம இல்லன்னு போட்டிருக்கு."

சிரித்தார். "யாரு அந்தப் புத்திசாலி?"

சாலைக்கு வந்த பிறகுதான் உன் பெயரைச் சொன்னேன். கேட்டதும் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

அண்ணே, பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் நம்முடையது. என்னை இதே ஊரில் புன்ஹலுக்குக் கொடுத்தீர்கள், அவர் தங்கை பக்தாவரை நீ எடுத்தாய். நானும் அவளும் ஒருவரை ஒருவர் அண்ணி என்றுதான் இன்றைக்கும் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவள் உன் வீட்டை விட்டு வந்தபோது, ஹுர்மத்தையும் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடு, அதுதான் வழக்கம் என்று ஊரே புன்ஹலிடம் சொன்னது. "அவ என்ன செஞ்சா? நான் எதுக்கு அனுப்பணும்?" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். அந்த மனிதர் வாழ்கிற இடத்தில்தான் ஆள் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய்.

நேரில் பார்வையிட்டாயாமே. எப்போது வந்தாய்? உனக்கு யார் தேநீர் கொடுத்தார்கள்?

பால்வண்டி கமீஸோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு.

ஹுர்மத்


தாலுகா அலுவலகம்
17 ஜூன் 1995

சகோதரி ஹுர்மத்துக்கு,

சலாம். உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் கமீஸோ மூலம் கிடைத்தது. கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன்.

என் பொறுப்பில் பதினொரு தேஹ்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நிலம், பயிர், குடியிருப்பு விவரங்களைப் பதிவது தபேதார் என்ற முறையில் என் கடமை. கண்டேரோவைப் பொறுத்தவரை, ஆறு பழைய கரையை அரிக்கத் தொடங்கியதால் அதற்குப் பின்னால் அரசு புதுக்கரை எழுப்பியது. இரண்டு கரைக்கும் நடுவிலுள்ள நிலம் வெள்ள நீருக்காக ஒதுக்கப்பட்டது. அங்கே யாரும் வசிக்கக் கூடாது என்று ஆணை உள்ளது. வசிக்கக் கூடாத இடத்தில் வசிப்பவர்களைக் குடியிருப்பாகக் காட்ட விதியில் இடமில்லை. பதிவேடு நிலத்தைப் பற்றியது. உறவைப் பற்றியது அல்ல. இதை நீ தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தம் அளிக்கிறது.

சொட்டு மருந்து விஷயம் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது.

புன்ஹல் உன்னை அனுப்பாதது அவர் பெருந்தன்மை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே வந்து இருப்பவரை யாரும் அனுப்பவில்லை, அவராகவே கிளம்பினார் என்பதையும் ஊர் நினைவில் வைக்கட்டும். தன் காலால் போனவர் தன் காலால் திரும்பலாம். கதவு பூட்டப்படவில்லை.

பதிவேட்டில் திருத்தம் வேண்டுமானால் குளிர்காலத் தணிக்கையின்போது மனு கொடுக்கலாம்.

இந்த வருஷம் மலைப்பக்கம் மழை கூடுதல் என்று வானொலியில் சொல்கிறார்கள். கரையோரம் கவனமாக இருக்கவும்.

மெஹ்ராப்


கோத் சோதோ
28 ஜூன் 1995

அண்ணே,

உன் கடிதத்தை அண்ணி என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். உன் பெயருக்கு மேலே ஒரு வரி எழுதி, மையால் அடித்திருந்தாய். காகிதத்தை அவள் என் கையிலிருந்து வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எழுத்து தெரியாதவளுக்கு அடித்த எழுத்து என்ன தெரியும்? "என்ன இருக்கு அண்ணி அங்க?" என்றாள். நான் உற்றுப் பார்த்தேன். 'அவள் கண்வலி' என்ற அளவுக்குத்தான் தெரிந்தது. கண்வலி இப்போது தேவலை. கேட்க நினைத்ததை அடித்துவிட்டு, கதவு பூட்டப்படவில்லை என்று எதற்கு எழுதினாய்?

கதவைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன். "கதவு தொறந்துதான் இருந்துச்சு. திரை மட்டும்தான் போட்டிருந்துச்சு. அதனாலதான் எல்லாம் காதுல விழுந்துச்சு."

நான்கு வருஷமாக இதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்று மாலை மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். பெருநாள் விருந்துக்கு உன் தாலுகா மேலதிகாரியான முக்தியார்காரையும் மற்ற அதிகாரிகளையும் வீட்டுக்கு அழைத்திருந்தாயாம். அவள் காலையிலிருந்து நின்று பல்லா மீன் பொரித்திருக்கிறாள். உன் மேலதிகாரி விரலை நக்கிக்கொண்டு, "யாரு சமையல்?" என்று கேட்டாராம். "வீட்டுல ஒரு மீன்காரி இருக்கா சாயீன். எத்தனை சோப்பு போட்டாலும் நாத்தம் போக மாட்டேங்குது" என்றாயாம் நீ. எல்லாரும் சிரித்தார்களாம். அவள் திரைக்குப் பின்னால் ரொட்டித் தட்டோடு நின்றிருக்கிறாள். எல்லா ரொட்டியையும் அனுப்பிவிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

அவள் மீன்காரி என்றால் நீ யார்? நம் அப்பா என்ன, குதிரை வியாபாரமா செய்தார்? நீ மீன்பிடிக்கிற மல்லாஹ் வீட்டுப் பிள்ளை என்பது அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாமே.

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. ஆணையும் இல்லை, விதியும் இல்லை. நீ இந்த ஊருக்குள் கால் வைக்கப் பயந்தாய். பயந்தவன், ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் வர வேண்டியதில்லை அல்லவா?

நீ எண்ணாவிட்டால் போகிறது. நானே எண்ணத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்று, ஒரு பென்சில். வீடு வீடாகப் போகிறேன். ஜுமோ என்னைப் பார்த்ததும், வரி வருமோ என்று, இரண்டு எருமைகளையும் கரைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டான். "நான் மனுஷங்களத்தான் எண்ணுறேன் ஜுமோ" என்றால், "முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்கிறான். வயல் கூலிக்குப் போகும் கோல்ஹிகளின் பெரியவர் ராணோ, கரும்பு வெட்ட வேறு தாலுகாவுக்குப் போன ஆறு பேரையும் சேர்த்தே சொன்னார். "இப்ப இங்க இல்லையே?" என்றேன். "எங்க போயிடுவாங்க, வந்துருவாங்க, நீ எழுதும்மா." எழுதவில்லை. அவர் கோபித்துக்கொண்டார். தெற்குப் பக்கம் கூடாரம் போட்டிருக்கும் ப்ரோஹிகளோ, "நாங்க மலைக்காரங்க, குளிருக்கு வந்தவங்க, எங்கள எதுக்கு எழுதுற?" என்கிறார்கள். இது ஜூன் மாதம் என்றேன். "ஒட்டகத்துக்குக் கால் சரியாகட்டும்னு இருக்கோம்."

ஆற்றில் தண்ணீர் சிவப்பாக வருகிறது. பழைய கரையின் அடியில் நேற்று ஈரம் கசிந்தது. உன் மச்சானும் மற்றவர்களும் மண் போட்டு மிதித்திருக்கிறார்கள்.

ஹுர்மத்


மாவட்டத் தலைநகர்
21 ஜூலை 1995, காலை பத்து மணி

ஹுர்மத்,

அலுவலக பியூனின் மோட்டார் சைக்கிளில் இதை அனுப்புகிறேன். படித்தவுடன் புன்ஹலைக் கூப்பிடு. ஊரைக் கூப்பிடு.

இப்போதுதான் டெபுடி கமிஷனர் அறையில் கூட்டம் முடிந்தது. மேலே இருந்து பெரிய தண்ணீர் வருகிறது. நாளை மதியம் நம் எல்லைக்கு வரும். அளவுகோலில் இன்னும் இரண்டு அடி ஏறினால் டவுன் தாங்காது. அதற்கு முன் முப்பத்தோராம் மைலில் பழைய கரையை வெட்டி, இரண்டு கரைக்கும் நடுவில் தண்ணீரை விட்டுவிடலாம் என்று எஞ்சினியர்கள் சொன்னார்கள். முப்பத்தோராம் மைல் உங்கள் வீட்டுக்கு நேரே இருக்கிறது. டெபுடி கமிஷனர் கேட்டார்: "அங்க ஜனங்க உண்டா?" முக்தியார்கார் என்னைப் பார்த்தார். பதிவேடு என் மடியில் திறந்து இருந்தது. முக்தியார்காரே எட்டிப் பார்த்துப் படித்தார்: "குடியிருப்பு இல்லை சாயீன்."

நான் பேசவில்லை ஹுர்மத். என் வாய் திறக்கவில்லை. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

நாளை காலைக்குள் எல்லாரையும் புதுக்கரை மேல் ஏற்றிவிடு. மாடு கன்று, கட்டில், எது முடியுமோ அது. கோல்ஹிகளையும் ப்ரோஹிகளையும் விட்டுவிடாதே. பக்தாவரைக் கையோடு பிடித்து அழைத்துப் போ. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மெஹ்ராப்


கோத் சோதோ
21 ஜூலை, மாலை நான்கு மணி

அண்ணே,

உன் பியூன் சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்து வந்து சேர்ந்தான். அவனையே காக்க வைத்து எழுதுகிறேன்.

ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். யாரும் நம்பவில்லை. "இது பண்ணையார் வடேராவோட வேலை. நம்மள வெரட்டிட்டு நிலத்த வளைக்கப் பாக்குறான்" என்றான் ஜுமோ. "எழுதுனது யாரு? நம்ம இல்லைன்னு எழுதுன அதே கைதானே?" என்றார் இன்னொருவர்.  முப்பது ஆண்கள் கோடாலிக் காம்போடு முப்பத்தோராம் மைலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உன் மச்சான் முன்னால் இருக்கிறார். வெட்ட வந்தால் எங்களை வெட்டிவிட்டு வெட்டட்டும் என்கிறார். சொன்னால் செய்கிற மனிதர் என்று உனக்குத் தெரியும்.

பெண்களும் பிள்ளைகளும் கரைக்கு ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேரை ஏற்ற முடியும்? படுக்கையில் கிடப்பவர்களே ஒன்பது பேர். புதுக்கரைக்கு இரண்டு மைல், வழியெல்லாம் முழங்கால் சேறு. நாளைக்குள் முடியாது.

அண்ணி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "நீ பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போ அண்ணி. இங்க ஆள் இல்லைன்னு அவரே நேர்ல வந்து என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். அப்பறம் எந்திரிக்கிறேன்" என்கிறாள்.

இத்துடன் என் நோட்டை வைத்திருக்கிறேன். எழுபத்தொரு வீடு. மல்லாஹ் நாற்பத்தாறு, கோல்ஹி பதினேழு, ப்ரோஹி எட்டு. நானூற்று முப்பத்தெட்டு பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, தொழில் எழுதியிருக்கிறேன். யாரையும் கூட்டவில்லை, யாரையும் குறைக்கவில்லை.

இதைக் கொண்டுபோய் டெபுடி கமிஷனர் மேஜையில் வை. வைக்க உனக்குத் தைரியம் இல்லையென்றால் பியூனிடமே திருப்பிக் கொடுத்துவிடு. நானே நடந்து வந்து வைக்கிறேன்.

ஹுர்மத்


மாவட்டத் தலைநகர்
25 ஜூலை 1995

ஹுர்மத்,

சாலை மூழ்கிவிட்டது. கமீஸோவின் வண்டி ஓடவில்லை. இராணுவப் படகு ஒன்று கரைக்காவலர்களுக்கு மாவு மூட்டை கொண்டுபோகிறது. அதில் போகிற ஒருவரிடம் கெஞ்சி இதைக் கொடுக்கிறேன். எனக்கு நான்கு நாட்களாக எந்தச் செய்தியும் இல்லை. ஒரு வரி போதும். ஒரு சொல் போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மாலை உன் நோட்டு வந்ததும் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். இருபத்துமூன்றாம் வீட்டில் 'பக்தாவர், வயது முப்பது, வலை பின்னுகிறாள்' என்று வந்த இடத்தில் நிறுத்தினேன். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. நேரே டெபுடி கமிஷனர் பங்களாவுக்குப் போனேன். வாசலிலேயே அவரும் தலைமை எஞ்சினியரும் முக்தியார்காரும் நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோட்டை நீட்டினேன்.

"என்ன இது?"

"கண்டேரோவுல இருக்கிறவங்க பட்டியல் சாயீன். நானூத்தி முப்பத்தெட்டு பேர்."

"காலையில ஆள் இல்லைன்னு படிச்சாங்களே?"

"அது பொய் சாயீன்."

"யாரு எழுதுன பொய்?"

"நான்."

எஞ்சினியர் வரைபடத்தை மடித்துக் கையில் அடித்தார். "தண்ணி வாசலுக்கு வந்த அப்பறம் வந்து சொல்றியே! இப்ப எங்கய்யா வெட்டுறது?"

டெபுடி கமிஷனர் அவரைக் கையமர்த்தினார். "அந்த ஊருக்கு நீ போனதே இல்லையா?"

"நான் பொறந்த ஊரு சாயீன். என் தங்கச்சியும் என் சம்சாரமும் அங்கதான் இருக்காங்க. நான் மல்லாஹ்."

முக்தியார்கார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.

டெபுடி கமிஷனர் வாசற்படியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். எனக்கு ஒரு யுகம்போல இருந்தது. எஞ்சினியர், "இதுவும் பொய்ப் பட்டியலா இருந்தா?" என்று கேட்டார். டெபுடி கமிஷனர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எட்டு குடும்பம், ஒட்டகத்துக்குக் கால் சரியில்லாததால தங்கியிருக்காங்கன்னு எழுதியிருக்கு. கரும்பு வெட்டப் போன ஆறு பேரச் சேக்கச் சொன்னாங்க, சேக்கலைன்னு எழுதியிருக்கு. பொய் எழுதுறவன் இதெல்லாம் எழுத மாட்டான்யா."

பிறகு வரைபடத்தை மறுபடி விரிக்கச் சொன்னார். முப்பத்தாறாம் மைலுக்கு எதிரே காட்டிலாகா நிலம் இருக்கிறதே, அங்கே வெட்டலாம், தண்ணீர் கண்டேரோ பக்கம் வராது என்றார். காடு என்று பெயர், உள்ளே முழுவதும் வடேராவின் கரும்பு. முக்தியார்கார் அதை மெதுவாக எடுத்துச் சொன்னார். "அங்க மனுஷங்க உண்டா?" என்று என்னைக் கேட்டார் டெபுடி கமிஷனர். "காவல்காரங்க நாலு பேர் சாயீன். பேர் வேணும்னா சொல்றேன்." அதற்குள் உள்ளே தொலைபேசி அடித்தது. வடேராவின் வீட்டிலிருந்து. "நான் கரைக்குப் போயிட்டேன்னு சொல்லு" என்று பியூனிடம் சொல்லிவிட்டு, உண்மையாகவே ஜீப்பில் ஏறிக் கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் முப்பத்தாறில் வெட்டினார்கள். இங்கே தண்ணீர் இரண்டு அடி இறங்கிவிட்டது. அங்கே என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. பழைய கரை தானாகவே உடைந்திருந்தால்?

என்னை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். விசாரணை உண்டு. அது நியாயம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்வையிட எப்போது வந்தாய் என்று கேட்டாயே. வந்தேன் ஹுர்மத். இரண்டு வருஷத்துக்கு முன்பு, குளிர்காலத்தில், புதுக்கரையிலிருந்து இறங்கி, ஊர் எல்லையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வீடுகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அடிபம்பில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிர்கிற விதத்தைப் பார்த்து பக்தாவர் என்று நினைத்தேன். அரைமணி நேரம் நின்றேன். ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை. திரும்பிப் போய் சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன்.

எழுது.

மெஹ்ராப்


புதுக்கரை மேலிருந்து
27 ஜூலை 1995

அண்ணே,

எல்லாரும் இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டுப் படி. நானூற்று முப்பத்தெட்டு பேரும் இருக்கிறோம். ஜுமோவின் எருமை ஒன்று போய்விட்டது. கோல்ஹி வீடுகளில் நாலு சுவர் விழுந்தது. அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் தேதி காலை தண்ணீர் பழைய கரையின் தலைக்கு நாலு விரல் கீழே நின்றது. ஆண்கள் கோடாலிக் காம்பைப் போட்டுவிட்டு மண் சுமந்தார்கள். ப்ரோஹிகள் கூடாரத் துணியைக் கிழித்து மூட்டை தைத்துக் கொடுத்தார்கள். அண்ணியும் வாசலை விட்டு எழுந்து வந்து மண் சுமந்தாள். யார் சொல்லியும் இல்லை. மதியத் தொழுகைக்குப் பிறகு உன் மச்சான் தண்ணீரின் விளிம்பில் ஒரு நாணல் குச்சியை நட்டார். நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மண் தெரிந்தது.  பிறகு ஜுமோ கேட்டான்: "தண்ணி எறங்குதா, இல்ல குச்சி ஏறுதா?" ராணோ சிரிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே பாதிப் பேர் அழுதார்கள். அன்று பிற்பகல் கரை மேல் பெண்கள் எல்லாரும் சேற்றுக் காலோடு வரிசையாகப் படுத்துத் தூங்கினோம். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

முப்பத்தாறாம் மைலில் வெட்டினார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஏன் அங்கே வெட்டினார்கள் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஊருக்கே படித்துக் காட்டினேன். "நான் மல்லாஹ்" என்ற இடத்தில் உன் மச்சான், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பகுதியை ஊருக்குப் படிக்கவில்லை. அண்ணிக்கு மட்டும் தனியாகப் படித்தேன்.  பிறகு சொன்னாள்: "அன்னிக்கு அது நான்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. யாரோ வழி தெரியாம நிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

ஹுர்மத்


கோத் சோதோ
14 செப்டம்பர் 1995

அண்ணே,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று கமீஸோ சொன்னான். நீயே நேரில் போய் எண்ணிப் பதிவைத் திருத்து என்று டெபுடி கமிஷனர் உனக்குக் கொடுத்த தண்டனை இந்த ஊருக்குத்தான் திருவிழாவாகிவிட்டது. மூன்று நாளும் உன்னை எத்தனை பேர் என்ன என்ன சொல்லிக் கிண்டல் செய்தார்கள்! "தபேதார் சாயீன், என்னையத் தொட்டுப் பாருங்க, இருக்கேனா?" என்று ராணோ கையை நீட்டியபோது உன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

முதல் நாள் சாப்பாட்டில், அத்தனை ஆண்கள் நடுவில், நீ எழுந்து நின்று அந்தப் பெருநாள் விருந்தில் சொன்னதை உன் வாயாலேயே மறுபடி சொல்லி, "அது என் ஈனத்தனம், அவ மேல குத்தம் இல்ல" என்றாயே. உள்ளே அடுப்படியில் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவள் ரொட்டி ஒன்றைக் கருகவிட்டாள். அவள் ரொட்டி கருகி நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கோல்ஹிப் பெண்கள் ஆணுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள் என்று அவளே உன்னோடு கிளம்பினாளே, அன்று நடந்ததை அவள் என்னிடம் சொன்னாள். நீ சொல்லியிருக்க மாட்டாய். கடைசியாக நம் வீட்டுக்கு வந்து அவள் பெயரை எழுதிவிட்டு, "புருஷன் பேர்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?" என்று கேட்டாயாம். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாளாம். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். நான்கு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்தது இதுதான்.

இனி அவள் சொல்லச் சொன்னது. அதிகாரிகள் வரிசையில் உள்ள வீட்டுக்கு அவள் வர மாட்டாள். வேறு எந்த ஊர் என்றாலும் சரி, எத்தனை சின்ன வீடு என்றாலும் சரி. பருத்தி எடுத்து முடிய ஒரு மாதம் ஆகும், அதற்கு முன் கிளம்ப முடியாது. தன் காலால் வர மாட்டாள். நீ வந்து கூப்பிட வேண்டும்.

சொட்டு மருந்துக்காரர் நேற்று வந்தார். இந்த முறை வழி தவறவில்லை. மூன்று பெட்டி.

ஹுர்மத்


மணல் தாலுகா
16 அக்டோபர் 1995

ஹுர்மத்,

விசாரணை முடிந்தது. வேலை போகவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பதவி உயர்வு இல்லை, இடமாற்றம் உண்டு. மாவட்டத்தின் கிழக்கு மூலையில், ஆறும் இல்லாத கரையும் இல்லாத பக்கம் போட்டிருக்கிறார்கள். ஒட்டகத்தின் மேல் போய்த்தான் நிலம் அளக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரம் இடுப்பு முறிந்தது. இப்போது பழகிவிட்டது. ஏழு கிராமம் எண்ணி முடித்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு முற்றம். பக்கத்தில் ஒரு தையல்காரர் குடும்பம், அந்தப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை. முற்றத்துக்கு வாசல் வடக்கே இருக்கிறது, வெயில் வராது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடு, வந்த பிறகு சண்டை வேண்டாம்.

இன்று விடுப்பு கேட்டு விண்ணப்பம் எழுதினேன். எழுத்தர்கள் இப்படியான இடத்தில் 'சொந்த அலுவல்' என்று போடுவதுதான் வழக்கம். காரணம் என்ற இடத்தில், 'கோத் சோதோ, கண்டேரோ தேஹ், என் மனைவியை அழைத்துவர' என்று எழுதினேன். இங்குள்ள முக்தியார்கார் வயதானவர். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனை நாள் வேணும்?" என்றார்.

"மூணு நாள் சாயீன்."

"அஞ்சு நாள் எடுத்துக்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை வருகிறேன்.

மெஹ்ராப்